கடைசியில் வைத்துக்கொண்ட வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஊர் சுற்றிவிட்டுக் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது, நீட்ட வரவில்லை என்கிறார். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, குழந்தைக்கு இருமல் நின்றதா, அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டதா என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் எல்லாரும் நல்லாருக்கோம்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேசவும் முடியாது. அதோடு இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும், பக்கத்தில் அப்பா இருப்பார், அவருக்கும் வந்துவிடும், அப்புறம் நீ அங்கே பயந்துபோய் உட்கார்ந்திருப்பாய்.

கடலோரமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சொந்தம், சிநேகிதம் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்று அப்பா ஃபிரிட்ஜ் பட்டறையை மூடிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்தப் பயணம்தான். கிளம்பும்போதே எங்களுக்குள் சண்டை. கருவிப்பெட்டி வேண்டாம், நாம் விருந்துக்குப் போகிறோம், வேலைக்குப் போகவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே அதை என் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். வழியெல்லாம் அது என் குதிகாலில் இடித்துக்கொண்டே வந்தது. ஆனால் பெட்டி இல்லாமல் போயிருந்தால் மனுஷனுக்குப் பொழுதே போயிருக்காது. முதலில் போனது பட்டறையில் அவரோடு கூட்டாக இருந்த பழைய பங்காளி வீட்டுக்கு, துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் இருக்கிறாரே, கட்டைக்குரல் மாமா என்று நீ பயப்படுவாயே, அவர்தான். சாப்பிட்ட கை காய்வதற்குள் இரண்டு பேரும் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து அதன் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சிரிப்புக்காரி வீடு. நான் படுக்கைத் துணி எண்ணிக் கொடுத்தேன், அவள் ஊசி போட்டாள், இரண்டு பேருக்கும் இப்போது கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கடைசியில், கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில், உன் சின்ன அத்தை வீடு. அவள் கடையிலிருக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கு அடியில் அப்பா மல்லாந்து படுத்துக் கிடந்ததைத்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். எங்கே போனாலும் படம் எடுத்து, குடும்பத்தார் எல்லாருக்கும் உடனுக்குடன் அனுப்பினேன். அந்தப் படங்களை ஏன்தான் அனுப்பினேனோ என்று இப்போது இருக்கிறது.

உன் தாய்மாமா வீட்டைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்பாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை அங்கே இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊரிலிருந்து போனால் கடலோரச் சாலையில் முதலில் வருவதே என் அண்ணன் வீடுதான். வளைவில் டயர் கடை, மேலே வீடு. அந்த வழியாக யார் போனாலும் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். நியாயமாகப் பார்த்தால் அங்கே முதலில் இறங்கியிருக்க வேண்டும். நான்தான் வேண்டாம் என்றேன். அண்ணனைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை, வாசலில் கால் வைத்தால் வாலு வந்துட்டாடா என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார், அப்பாவின் கையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி ஏதாவது பழைய டயருக்குள் ஒளித்துவிடுவார், கிளம்புகிறோம் என்று மூன்று தடவை கெஞ்சினால்தான் சாவி கண்ணில் படும். மற்ற வீடுகளில் எல்லாம் தலை சீவிக்கொண்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு, பார்த்துப் பேசவேண்டும். அண்ணன் வீட்டில்தான் அழுக்குத் துணியை மூலையில் போட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கமுடியும். அதனால் எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டு, திரும்பி வரும்போது அங்கே நாலைந்து நாள் ஆற அமர இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பிடித்ததைத் தட்டில் ஓரமாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் சாப்பிடுகிற ரகம் நான், உனக்குத் தெரியும். முன்கூட்டிச் சொன்னால் சாலையில் வந்து மறித்துக்கொள்வார் என்று, போகிற நாளையும் அவரிடம் சொல்லவில்லை.

வளைவு வந்தது. ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லிட்டுப் போயிடலாமே என்றார் அப்பா. பங்காளி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன்கிட்ட ஒரு நிமிஷம்னா ஒரு வாரம், நேராப் பார்த்து ஓட்டுங்க என்று நான் அதட்டினேன். அதட்டியதோடு விட்டேனா, அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, கீழே விழுந்த எதையோ தேடுகிறவள் மாதிரி கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டேன். பேரன் எடுத்த கிழவி, கருவிப்பெட்டியில் நெற்றி இடிக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள். சின்ன வயதில் ஒளிந்து விளையாடியதுபோல எனக்கு அது ஒரு வேடிக்கை. கடை தாண்டியதும் நிமிர்ந்து, பார்த்துட்டாரா என்று கேட்டேன். தெரியல என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. வெயிலில் ஓட்டுகிறாரே, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சின்ன அத்தை வீட்டிலிருந்தே எனக்கு மனசெல்லாம் அண்ணன் வீடுதான். சாயங்காலம் கடை முன்னால் போய் நின்று, அப்பா வழக்கம்போல ஹார்னை நீளமாக அடித்தார். கத்தல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் படியிறங்கி வந்தார். வாங்க மாப்பிள்ளை, வாம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா என்று கேட்டார். எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். டீ வந்தது, அலமாரிக்குள் பூட்டியிருக்குமே அந்தப் பூப்போட்ட கோப்பையில், அடியில் தட்டு வைத்து. மாடி அறையில் படுக்கை போட்டிருந்தார்கள். காலமெல்லாம் படுக்கை விரிப்போடு மாரடித்தவள் நான், தொட்டதுமே தெரிந்துவிட்டது, கடையிலிருந்து வாங்கிய மடிப்புக்கூடக் கலையாத புது விரிப்பு. புதுச் சோப்பு, புதுத் துண்டு. அந்த வீட்டில் அண்ணனின் கிழிந்த போர்வையைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கித்தான் எனக்குப் பழக்கம். சமையலறையில் ஃபிரிட்ஜ் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும், சத்தம் காதில் விழுந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது, ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் குறுக்கே வந்து, ஐயோ வேண்டாம் மாப்பிள்ளை, நீங்க எதுக்குச் சிரமப்படணும், நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன் என்றார். அப்பா பெட்டியும் கையுமாக அங்கேயே நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அண்ணிதான் பாத்திரம் கழுவும்போது சொன்னாள். கட்டைக்குரல் மாமா டயர் விஷயமாக அண்ணனோடு போனில் பேசியபோது, நாங்கள் இன்ன நாள் மதியம் அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் காலையில் நம் வீட்டைத் தாண்டித்தானே போகவேண்டும் என்று அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லையாம். மாடி அறையைத் தன் கையால் கூட்டிக் கழுவினாராம். விடிந்ததிலிருந்து கடை வாசலிலேயே நின்றாராம். எங்கள் மஞ்சள் வண்டி வளைவில் திரும்பியதைப் பார்த்ததும் கையை உயரத் தூக்கியிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. நான் குனிந்ததையும் பார்த்திருக்கிறார். மேலே வந்து அண்ணியிடம், என்னைப் பார்த்து ஏன் குனிஞ்சுக்கிட்டா, நான் அவளை என்ன பண்ணேன் என்று கேட்டாராம். அதற்கப்புறம் நான் அனுப்பிய படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாராம். ஏம்மா, கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல, அவரு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு என்றாள் அண்ணி. போன தடவை அவள் செய்த குழம்பைக் கிண்டல் செய்தோமே, அதனால் இருக்குமோ. சாவியை ஒளித்துவைத்து அவர்கள் வேலையைக் கெடுக்கிறோமோ. அப்பாவுக்கு ஓய்வே கொடுக்காமல் ஃபிரிட்ஜைக் காட்டுகிறோமோ. அவங்களுக்கு நாம ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறோம் போலிருக்கு, இனிமே அளவா இருந்துக்கணும் என்று முடிவு செய்துவிட்டாராம். அண்ணியின் கையிலிருந்த தட்டை வாங்கி நான் கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. போய் எதிரில் உட்கார்ந்து, அண்ணா, உன் வீட்டுல நிறைய நாள் இருக்கணும்னுதான் கடைசியில வச்சுக்கிட்டோம் என்றேன். அதுக்கென்னம்மா, வந்ததே சந்தோஷம் என்றார். நான் சொன்னது சத்தியம், ஆனால் என் காதிலேயே அது சால்ஜாப்பு மாதிரித்தான் விழுந்தது. குனிந்ததற்கு என்ன சொல்வது? விளையாட்டு என்றா? காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காலையில் எழுந்து வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று கழுவியிருக்கிறது. காற்றுப் பார்த்து, கண்ணாடி துடைத்து, சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவைத்திருக்கிறார். சாவி மேஜைமேல், எல்லாரும் பார்க்கிற இடத்தில். உங்களுக்கு நேரமாயிடக் கூடாதேன்னுதான் என்றார். நாங்கள் நாலைந்து நாள் இருக்க வந்தவர்கள் என்று அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அந்தச் சாவியை எடுத்து நானே ஒரு டயருக்குள் போட்டிருக்க வேண்டும். இப்போது தோன்றுகிறது. அப்போது அப்பா பையைத் தூக்கி வைத்தார், நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வாசலில் நின்றார், கையைத் தூக்கவில்லை.

கொஞ்ச தூரம் வந்ததும் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். போற அன்னைக்கே அவர் கை தூக்கினதைக் கண்ணாடியில பார்த்தேன், நீ சிரிச்சுக்கிட்டிருந்தே, சொல்ல மனசு வரல என்றார். திருப்பட்டுமா என்றும் கேட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று நான்தான் வேண்டாம் என்றேன். இந்தப் பயணத்தில் என் பேச்சைக் கேட்டு அப்பா செய்த இரண்டாவது தப்பு அது. வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் போன் செய்யும்போதெல்லாம் அண்ணன் எடுக்கிறார், உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கிறார், சரிம்மா, வேலை இருக்கும், வச்சுடறேன் என்கிறார். முன்னெல்லாம் காது சூடாகும்வரை விடமாட்டார்.

வருகிற சனிக்கிழமை மறுபடி கிளம்புகிறோம். வேறு எங்கும் இல்லை, அங்கே மட்டும். அப்பாவின் முழங்கால் ஒப்புக்கொண்டுவிட்டது. இறங்கியதும் சாவியை நானே அண்ணன் கையில் கொடுத்து, குனிந்தது ஏன் என்றும் சொல்லிவிடப் போகிறேன், முட்டாள்தனம் என்று திட்டினால் நல்லது. வாங்கி ஒளித்துவைப்பாரா, மரியாதையாக மேஜைமேல் வைத்துவிடுவாரா தெரியவில்லை. நினைத்தால் பயமாக இருக்கிறது, சொந்த அண்ணன் வீட்டுக்குப் போக எனக்குப் பயம்.

குழந்தைக்கு ஐஸ் தண்ணீர் கொடுக்காதே, மாப்பிள்ளையிடம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காமல் எழுதவேண்டும். லீவில் வரும்போது முதலில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா, பிறகு உன் சிநேகிதிகள், எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் நம் வீட்டுக்கு வந்து ஆற அமர இருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அப்படியே செய், மாற்றவேண்டாம், கடைசியாகவே வா. நீ வந்து இறங்கிய நாளிலிருந்து நாங்கள் ஜன்னலில்தான் நிற்போம், அதை யாராலும் தடுக்க முடியாது. நடுவில் என்றைக்காவது நம் தெரு வழியாகப் போக நேர்ந்தால், நிற்க நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, தலையை மட்டும் குனிந்துகொள்ளாதே கண்ணு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா