நாலு மணி டீயும் என் கழுத்தும்

செவ்வாய், இரவு

என் கழுத்து வலியைக் காரணம் காட்டி, நாலு மணி டீயை நிறுத்திவிட்டு ஆபீஸுக்கே கழுத்துப் பயிற்சி வைத்த மலையாளி மேலாளர் லதாவை நான் மன்னிப்பதாக இல்லை. பக்கத்துத் தம்பானூர் டீக்கடையில்தான் எங்கள் ஆபீஸ் வம்பெல்லாம் விளையும்.

"உங்க கழுத்து ஒரு வாரத்துல சரியாகலேன்னா எல்லாரும் பழையபடி டீக்குப் போலாம், சாரே" என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று கெடு. முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு இஞ்சுகூடத் திரும்பல, மேடம்."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் கிளார்க் சுசீலா யாரிடமோ, "நம்ம அக்கவுண்டன்ட் கல்யாணம் முடங்கிப்போச்சாம்" என்று கிசுகிசுத்தாள். என் தலை சட்டென்று தோள்வரை திரும்பிவிட்டது.

லதா சிரிக்கக்கூட இல்லை.

"நாளைக்கும் நாலு மணிக்குப் பயிற்சி உண்டு, கேட்டோ."

பாழாய்ப்போன கழுத்து, கொஞ்சமாவது வலித்திருக்கலாம்.