குளம் தாண்டிய பந்தும் ஒரு ஹைப்ரிட் மட்டையும்

என்னங்க,

நேற்று கோல்ஃப் மைதானத்தில் நான் அடித்த பந்து குளத்தைத் தாண்டிப் பறந்ததும் வாத்துகளெல்லாம் எழுந்து நின்று கைதட்டின. சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, நன்றாகச் சிரியுங்கள்.

நான் பல் டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவியை மாடி வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஆடிப் பார்க்கக் கொடுத்த ஹைப்ரிட் மட்டையை, நேற்று நான் குளம் தாண்ட அடித்த அதே மட்டையைத்தான், திருப்பி வாங்கக் கடைக்காரர் சாயங்காலம் வருவார். கொடுத்துவிடாதீர்கள்! என் செட்டில் இருக்கும் நாலாம் நம்பர் அயர்ன், அந்த இரும்பு மட்டை, பந்தைத் தூக்கவே மாட்டேன் என்கிறது. அதன் இடத்துக்கு இதுதான். "அயர்ன்ல வராதது இதுல மட்டும் வந்துடுமா?" என்று நீங்கள் முனகுவது இங்கேயே கேட்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ராத்திரி பளபளவென்று துடைத்து வைத்த ஹைப்ரிட்டில் காலையில் ஈரப் புல் எப்படி ஒட்டியது? உங்கள் ஷூ ஏன் பால்கனியில் காய்கிறது? நம் வீட்டுப் பூனை கோல்ஃப் பழகுகிறதோ?

பி.கு.: வாக்கிங் போனதாகக் கதை விட வேண்டாம். வாக்கிங் போகிறவர் குளிக்கும்போது பாட மாட்டார்.

(அதற்குக் கீழே, கணவரின் கையெழுத்தில்)

தாயே, நான்தான் எடுத்துட்டுப் போனேன். நான் அடிச்சது குளத்துலயே விழுந்துடுச்சு. ஆனா அக்கரைப் புல்லுல, நீ அடையாளத்துக்கு நகப்பாலீஷால பொட்டு வைக்கிற உன் பந்து ஒண்ணு கிடந்துச்சு. கடைக்காரர்கிட்ட மட்டை எங்களுக்கே வேணும்னு சொல்லி அனுப்பிட்டேன். வாத்து விஷயம் எனக்குத் தெரியாது. பந்து தாண்டினது நிஜம்தான்.