மஞ்சள் தாளில் இரண்டு கையெழுத்து

அக்டோபர் 9, திங்கள்

அன்புள்ள டுவைட்,

இங்கே நானும் டெலனியும் நாயும் மூச்சு விட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். உன் முதுகு வலி எப்படி, ராத்திரி தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்க ஆசைதான். கேள்வி கேட்டு உன்னைப் பாரப்படுத்தக் கூடாதாம். உன்னை அந்த மறுவாழ்வு மையத்தில் சேர்த்த அன்று கொடுத்த தாளில் போட்டிருக்கிறது: அறுபது நாளைக்கு ஃபோன் கிடையாது, கடிதம் மட்டும், அதிலும் நல்ல செய்தியாக எழுதுங்கள் என்று. நல்ல செய்திக்கு நான் எங்கே போக? இரண்டு வாரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

எல்லாம் உன் மகளால் வந்த புண்ணியம். நீ போன வாரமே பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் இருந்து நின்றுவிட்டாள். எனக்குத் திக்கென்றது. ஆறாம் வகுப்பில் இருந்து ட்ராம்போன் குழலைக் கட்டிக்கொண்டு அழுதவள், கடைசி வருடத்தில், அதுவும் போட்டி நடக்கிற மாதத்தில் விடுவாளா? கேட்டால், "காலேஜுக்கு மார்க் வேணுமாம்மா, வேணாமா? வெள்ளிக்கிழமை ஆனா ஃபுட்பால் மைதானத்துல நின்னு ஊதிட்டு இருந்தா யாரு படிக்கிறது?" என்கிறாள். பாட்டுக் குழுவையும் அதே காரணம் சொல்லி விட்டுவிட்டாள்.

இதைக் கேள். பள்ளிக்கூடத்தில் கார் நிறுத்த ஸ்டிக்கர் வாங்கக் கோடை பூராவும் ஐஸ்கிரீம் கடையில் நின்றாளே, அந்த ஸ்டிக்கரைப் போன திங்கட்கிழமை பிளேடால் சுரண்டி எடுத்து, ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் நடந்தே போகிறாளாம். ஒன்றரை மைல்! "உடம்புக்கு நல்லது, பெட்ரோலும் மிச்சம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது டுவைட். நீ இல்லாத கஷ்டம் புரிந்து, பொறுப்பு வந்துவிட்டது என்று நான் வேலை பார்க்கிற டயர் கடைக்கு வருகிற ஆள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடக்கிற அலுப்போ என்னவோ, நேற்று சர்ச்சில் இருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவள் பீன்ஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். அச்சு அசல் உன்னை மாதிரி. நான் சிரித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே சொல்கிறபடி கேள். கடவுள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

உன்
ராண்டா


அக்டோபர் 24, செவ்வாய்

டுவைட்,

நல்ல செய்தி மட்டும் எழுதச் சொன்ன அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இதைப் பிரித்துப் படிக்கிற கவுன்சிலர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: அம்மா, உங்கள் விதி எனக்குத் தெரியும். இது அவர் மனசைக் கெடுக்கும் என்றும் தெரியும். ஆனாலும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

நேற்று ட்ராம்போனைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன். மூலையில் சும்மா கிடக்கிறதே, வேறு பிள்ளை ஊதட்டும் என்றுதான். ஆபீசில் ஜோலீன் இருந்தாள், என்னோடு படித்தாளே, அவள்தான். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேசை இழுப்பறையில் இருந்து மூன்று மஞ்சள் தாளை எடுத்து என் முன்னால் போட்டாள். மூன்றும் ஒரே மாதிரி. பாண்டுக்கு ஒன்று, பாட்டுக் குழுவுக்கு ஒன்று, கார் நிறுத்த ஒன்று. "முன்னறிவிப்பு இல்லாமல் போதைப்பொருள், மது சோதனை செய்யச் சம்மதிக்கிறேன்" என்று கீழே நீயும் நானும் டெலனியும் கையெழுத்துப் போட்டவை. மூன்றிலும் குறுக்கே கோடு.

நான் அப்போதும் மண்டு மாதிரி விழித்தேன். ஜோலீன் சொன்னாள்: "ராண்டா, அவ பாண்டை விடல, பாட்டை விடல, காரையும் விடல. இந்த மஞ்சத் தாளை விட்டிருக்கா. ஒண்ணாவது உள்ள இருந்தா அவ நம்பர் கம்ப்யூட்டர்ல இருக்கும், ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை குலுக்கல்ல வந்து மாட்டும். இப்ப மூணும் போச்சு, நம்பரும் போச்சு. இந்த வருஷம் ஒன்பது பேரு இப்படிப் போயாச்சு. நல்ல பிள்ளைங்க பாவம், வாராவாரம் கப்புல மூத்திரம் பிடிச்சுக் குடுத்துட்டு இருக்குதுங்க. யாரைப் பிடிக்கணுமோ அதுங்க நடந்து வீட்டுக்குப் போகுதுங்க."

நடந்து வீட்டுக்கு. ஊரெல்லாம் நான் பெருமை பேசின நடை அது.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். கண்ணாடியில் அவள் சுரண்டின பசைத் தடம் இன்னும் இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பதினோரு வருடம் உன் கண்ணைப் பார்த்தே எத்தனை மாத்திரை என்று கணக்குப் போட்டவள் நான். கரண்டியோடு தூங்கினாள், உன்னை மாதிரி என்று சிரித்து எழுதினேனே, நான் எல்லாம் ஒரு தாயா?

வருகிற வழியில் கடையில் வீட்டில் செய்கிற டெஸ்ட் ஒன்று வாங்கினேன். அவள் வந்ததும் சமையலறை மேசையில் கப்பை வைத்து, "போய்ப் பிடிச்சுட்டு வா, கேள்வி கேட்காதே" என்றேன். அவள் கோபப்படவில்லை. கப்பை எடுத்தாள். என் முன்னாலேயே சிங்க் குழாயைத் திறந்து, தண்ணீர் பிடித்து, மேசையில் வைத்தாள். "இந்தா. சுத்தமா இருக்கு" என்றாள். பிறகு கதவருகே போய்த் திரும்பி, "அப்பாவுக்கு எத்தனை தடவைம்மா வச்ச?" என்று கேட்டாள்.

ஒரு தடவைகூட வைத்ததில்லையே. நீ கூரை வேலைக்குப் போகாத நாளெல்லாம் உனக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் ஃபோனில் பொய் சொன்னவள் நான்தானே. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

அந்தப் பள்ளி நிர்வாகக் கூட்டம் நினைவிருக்கிறதா? இந்தச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று ஊரே அடித்துக்கொண்டபோது நீ எழுந்து நின்றாய். "மத்தவங்க பிள்ளையைப் பத்தி நான் பேசல. என் பொண்ணுகிட்ட இருந்தே ஆரம்பிங்க" என்றாய். கூடமே கை தட்டியது. டெலனி பாண்டு உடுப்பில் உன் பக்கத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். நானும் தட்டினேன். உன் ஜாக்கெட் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் தட்டினேன். உன்னை மட்டும் சொல்லவில்லை டுவைட். நாம் இரண்டு பேரும்தான்.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஜோலீன் இன்னொரு மஞ்சள் தாள் கொடுத்தாள். எதிலும் சேராத பிள்ளையையும் பெற்றோர் விரும்பினால் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமாம். மாட்டினால் போலீஸ் கிடையாது, ஆளை வைத்து சிகிச்சைக்கு வழி செய்வார்கள். ஆனால் தாய் தகப்பன் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். நவம்பர் 19 அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு நம் கையெழுத்து செல்லாது, அவளே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தாளை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு உடனே அனுப்பு. ஒரு நாள்கூடத் தள்ளாதே.

அடுத்தது, நீ ஒளித்து வைத்த இடமெல்லாம் எழுது. எனக்குத் தெரிந்தது ஒன்பது. நாய்த் தீனி மூட்டை, டார்ச் லைட்டில் பாட்டரி போடுகிற இடம், கிறிஸ்துமஸ் மரப் பெட்டி, எல்லாவற்றையும் நேற்று கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்கு வெளியே யாரும் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பத்தாவது இடம் ஒன்று இருக்கிறது. அது உனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஜூன் மாதம் மக்ரோனி சுட்டு எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குத் துக்கத்துக்குப் போனோமே, மாத்திரையைப் போட்டுத் தூக்கத்திலேயே போய்விட்ட பெண், பாண்டில் புல்லாங்குழல், டெலனிக்கு அடுத்த வரிசை. அந்தத் தாய் என் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "நல்லா தூங்குறான்னு நினைச்சேன்" என்றாள். நேற்று ராத்திரி சோபாவில் தூங்கின என் பெண்ணின் மூக்குக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவி படிந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

அவளுக்கு எழுது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், கேட்கிற தகுதியை நான் தொலைத்துவிட்டேன். நீ எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ராண்டா


அக்டோபர் 31, செவ்வாய்

செல்ல மகள் டெலனிக்கு,

அப்பா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிறந்தநாள் அட்டையில்கூட அம்மாதான் என் பெயரையும் சேர்த்துப் போடுவாள். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

அம்மாவின் கடிதத்தை நேற்று கொடுத்தார்கள். கவுன்சிலர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் கொடுத்தார். படித்து முடித்ததும் அவரிடம் ஒரே ஒரு இடம் சொன்னேன். உன் ட்ராம்போன் பெட்டி, வெல்வெட்டுக்கு அடியில், வலது ஓரம், பசை விட்டுப்போன இடம். அவர் உடனே பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டார். பாண்டு மாஸ்டர் போய்த் தூக்கிப் பார்த்தாராம். காலியாம்.

நான் கடைசியாக வைத்தது பதினாறு மாத்திரை.

உன் பெட்டியை ஏன் எடுத்தேன் தெரியுமா? யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான். வாராவாரம் டெஸ்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் என் மாத்திரையை உன் தோளில் சுமக்க வைத்தேன். யாராவது திறந்திருந்தால் நீ மாட்டியிருப்பாய், நான் இல்லை. அது தெரிந்தும் வைத்தேன். இந்த வருடம் வசந்த காலத்தில் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. நானே தின்றுவிட்டு மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு தடவை உன் அம்மாவைத் திருடி என்று கத்தினேன். நீ அந்த அறையில்தான் இருந்தாய். தலையைக் குனிந்துகொண்டு போனாய். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். உன்மேல் கோபத்தில் போடவில்லை. இங்கே எனக்கும் அதே கதைதான். தினம் காலையில் பெயரைக் கூப்பிடுவார்கள், எந்தப் பெயர் வரும் என்று தெரியாது. கழிப்பறைத் தொட்டியில் நீலத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள், அதை மொண்டு ஏமாற்றக் கூடாது என்று. வாசலில் ஒரு ஆள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். நாற்பத்தேழு வயசு ஆம்பளை கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதல் வாரம் அவமானத்தில் செத்தேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னை என்ன செய்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. என்கிட்ட இருந்து ஆரம்பிங்க என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நான் இரண்டு காரியம் கேட்கிறேன், கட்டளை இல்லை. அந்தப் பதினாறில் மிச்சம் எத்தனை இருந்தாலும் இன்றைக்கே அம்மா கையில் கொடு. அவள் திட்ட மாட்டாள். நான் எழுதியிருக்கிறேன். ராத்திரி தூங்கும்போது கதவைத் தாழ் போடாதே. அம்மா கண்ணாடியோடு வந்தால் வரட்டும், விடு.

நவம்பர் 22 மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவேன். உன் பிறந்தநாளுக்கு மூன்று நாள் பிந்தி வருகிறேன், மன்னித்துவிடு. கடையில் இரண்டு டெஸ்ட் கப் வாங்கி வைக்க அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் கப் எனக்கு. நீதான் வாசலில் நின்று கேட்க வேண்டும், அப்பன் குழாயைத் திறக்கிறானா என்று. திறந்தால் என்னை வீட்டை விட்டுத் துரத்து.

அதுவரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிரு கண்ணு. மார்க், பாண்டு, காலேஜ் எதுவும் வேண்டாம். நான் வருகிற வரைக்கும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிரு.

உன்
அப்பா