சுவருக்கு அந்தப் பக்கம்

பாவா,

இன்று காலை திருவாலங்காட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியதுமே அவித்த நெல்லின் வாடை முகத்தில் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். நீங்கள் அக்காவையும் என்னையும் விட்டுப் போன பிறகு நான் தனியாகப் பழுது பார்க்க வந்த முதல் அரிசி ஆலை இது.

ஆர்.கே.பேட்டை ஆலை நினைவுக்கு வந்துவிட்டது. அன்றும் இதே வாடை. நெல்லைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத் தண்டு அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி ஓர் அறையில்; திருகுத் தண்டு சுவருக்கு அந்தப் பக்கம். பெட்டியின் சின்னத் திரையில் 'ஓ.எல்.' என்று மின்னிக்கொண்டிருந்தது. பாரம் தாங்காமல் நின்றுவிட்டேன் என்று அர்த்தம்.

நீங்கள் மோட்டாரைச் சோதித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மோட்டார்ல ஒண்ணும் இல்ல மச்சான். அந்தாண்ட எங்கியோ இறுகிகினு கீது. நான் போய் பாத்துட்டு வரேன். நீ இங்கியே நில்லு. யாரும் கைய வைக்கக் கூடாது."

நீங்கள் போன சற்று நேரத்தில் ஆலை முதலாளி வேகமாக வந்தார்.

"ரீசெட் அமுக்குப்பா. காலைலேர்ந்து அப்டிதான் ஓட்டிகினு கீறோம்."

"பாவா வந்துரட்டும்ங்க."

"நெல்லு வீணாப் போவுது. தள்ளு நீ."

ஓட்டும் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ரீசெட்டை அழுத்தினால் மறுநொடி மோட்டார் கிளம்பிவிடும். அவர் கை என் தோளைத் தாண்டி நீண்டது. எனக்கு எதுவும் தெரியாது பாவா. நீங்கள் அங்கே எங்கே நிற்கிறீர்கள், எதில் கை வைத்திருக்கிறீர்கள் என்ற பயம் மட்டும்தான். மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இறக்கி மின்சாரத்தையே நிறுத்தினேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் கத்தியது கேட்டது. "ஓட்டாதீங்க! ஆள் கீது! ஓட்டாதீங்க!"

ஓடிவந்தேன். அங்கே வேலை செய்யும் கௌரியை இடுப்பைப் பிடித்து, திருகுத் தண்டு ஓடும் தொட்டியிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். தோள்வரை ஈர நெல் அப்பியிருந்த கையை உதறிக்கொண்டு அவள் சண்டைக்கு வந்தாள்.

"இன்னா சார், உடுங்க! ஓடாம தான நிக்குது, அதான் அடைப்ப எடுக்கக் கைய உட்டேன்."

என் பின்னாலேயே வந்த முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். கௌரி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் வெளியே போய் மூட்டைமேல் உட்கார்ந்தீர்கள். கொடுத்த டீயைக் குடிக்காமல் தரையில் வைத்தீர்கள்.

"நீ மெயின எறக்கினது எனக்குத் தெரியாதுடா. அவ கையப் பாத்ததும், இப்போ ஓடும், இப்போ ஓடும்னே இருந்துச்சு."

திரும்பி வரும்போது, வண்டியின் பின்னால் இருந்து ஒன்று சொன்னீர்கள். "மோட்டாருக்கு இன்னா ஆச்சுன்னு தான் அந்தப் பொட்டி சொல்லும். அந்தாண்ட யாரு கீறாங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்?" நம் ஊர் மலை தெரியும் திருப்பம் வரை உங்கள் கை என் தோளை விடவில்லை.

கரண்டு உங்களைக் கொண்டுபோய்விடும் என்று அக்கா வருஷக்கணக்காகப் பயந்தாள். கடைசியில் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. இப்போது நான் கிளம்பும்போதெல்லாம் அவள் தெருமுனை வரை வந்து நிற்கிறாள்.

இன்றைக்கும் அதே 'ஓ.எல்.'தான். மெயினை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தேன். தண்டில் ஒரு கட்டைத்துண்டு சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு வந்து மெயினைப் போட்டேன். ஆனால் ரீசெட்மேல் வைத்த விரல் அழுத்த மறுத்தது.

"அந்தாண்ட யாராச்சும் கீறீங்களா?" என்று கத்தினேன்.

ஆலைக்காரர் சிரித்தார். "இப்போதான போய்ப் பாத்துட்டு வந்த. இன்னும் எத்தினி வாட்டி கேப்ப?"

மெயினை மறுபடி இறக்கிப் பூட்டினேன். இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பாவா.