கதவைத் தட்டியது யார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும், சாவிக்கொத்தை மட்டும் கொடுத்துவிடாதே, அது கண்ட இடத்தில் கிடந்து வருகிறது.

போன வாரம் போனில் நீ கோபப்பட்டாய். மாடியில் இருக்கிற தையல்காரம்மா உனக்குச் சொல்லிவிட்டாள், உங்கம்மா கதவைத் தாழ் போடுவதே இல்லை, படுக்கும்போதுகூடச் சும்மா ஒருக்களித்துத்தான் வைக்கிறாள் என்று. திருடன் வந்தா என்னம்மா பண்ணுவ என்று நீ கேட்டாய், நான் காற்றுக்காக என்று சொல்லிவிட்டேன். காற்றும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன் குரலைக் கேட்டு நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும்.

நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்த அந்தப் படகுத்துறை வீட்டுத் தொடர் உனக்கு மறந்திருக்காது. மூத்த பையன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விடுவான், அந்த அம்மா காத்துக் காத்துக் கண் பூத்துப் போவாள். கடைசியில் ஒரு மழை நாளில் யாரோ கதவைத் தட்டுவார்கள், அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைப்பாள், தொடரும் என்று போட்டான், அதோடு சரி, டிவிக்காரன் தொடரையே நிறுத்திவிட்டான். தட்டியது யார் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று. உங்கப்பா, வந்தது பெரியவன்தான் என்றார். நான், இல்லை, அவன் போய்ச் சேர்ந்த சேதி சொல்ல வந்த போலீஸ்காரன் என்றேன். அதிலிருந்து நம் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், கேஸ் சிலிண்டர்காரர் ஆகட்டும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற நீ ஆகட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே, பெரியவன் வந்தாச்சு, கதவத் திற என்பார். நான் பெரியவனும் இல்ல, பையனும் இல்ல என்று நீ பையை வீசி எறிவாய். போலீஸாத்தான் இருக்கும், நீங்களே போய்த் திறங்க என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். அந்த ஒரு சண்டையை வைத்தே நாங்கள் எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்திவிட்டோம்.

உங்கப்பா நம்மை விட்டுப் போன அன்றைக்கு, அவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தின் காவல்காரர் வந்து தட்டினார். போய்த் திறந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நான் வாய்க்கு வாய் சொன்னதுதான் நடந்தது என்று நெஞ்சில் ஒரு முள் ஏறிவிட்டது, கண்ணு. இனி இந்தக் கதவை யாரும் தட்டவே வேண்டாம் என்றுதான் திறந்து போட்டேன். திறந்திருக்கிற கதவை யார் தட்டப் போகிறார்கள், வீட்ல யாருங்க என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். காரணம் இவ்வளவுதான்.

இப்போது அந்தத் தொடரைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்களே, நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பெரியவனாக நடிக்கப் பழைய ஆளைக் கூப்பிடவில்லை, யாரோ புதுப்பையன் என்று சேதி வந்த அன்றைக்கே எங்கள் சலவைக்கூடம் இரண்டாக உடைந்தது. போர்வை மடிக்கிறவள், வாய் ஓயாததால் நாங்கள் சரவெடி என்று கூப்பிடுகிறவள், அவளும் அவள் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம். மீசையே ஒட்டல, இவன் எப்படி நம்ம பெரியவன் ஆவான், நான் அந்தத் தியேட்டர் வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்று சரவெடி சத்தியம் செய்தாள். உன் பழைய ஆளுக்கு இப்ப வயிறு முதல்ல வந்து கதவத் தட்டும், ஆள் அப்புறமா வருவான் என்றாள் நாத்தனார். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. பெரிய போர்வையை மடிப்பது உனக்குத் தெரியும், ஆளுக்கொரு ஓரம் பிடித்து எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், மூஞ்சியும் மூஞ்சியும் முட்டுகிற தூரத்துக்கு வரும். இவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு மடித்தால் என்ன ஆகும், எல்லாம் கோணல், ஹோட்டலிலிருந்து மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு திட்ட வந்தார், வாயைத் திறக்கும்போது அவர் போன் அடித்தது, பார்த்தால் அந்தத் தொடரின் பாட்டு. அவ்வளவுதான், திட்டு மறந்து போயிற்று. அந்த வீட்ட மட்டும் மாத்தியிருந்தா நான் பாதியில எந்திரிச்சு வந்துடுவேன் என்று அவரும் நின்று வழக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எல்லோருமாகச் சேர்ந்து லீவு நாளில் மதிய ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சரவெடிதான் முதலில் பேர் கொடுத்தாள். நான் முழங்காலைச் சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம். நான் சொன்னது நிஜத்தில் ஒரு தடவை ஜெயித்தது போதாதா, படத்திலும் போலீஸ்காரனே வந்து நின்றால் நான் எப்படி வீடு திரும்புவேன். இஸ்திரி போடுகிற அக்கா, அவளும் என்னைப் போலத் தனியாக இருக்கிறவள், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். நீ வரலன்னா, முடிவு என்னன்னு அவருக்காக யாருடி பார்ப்பா என்றாள். நான் துண்டுகளை அடுக்கி வைத்துவிட்டுப் பேர் கொடுத்தேன்.

படம் முதலில் ஒன்றும் நன்றாக இல்லை. நம் படகுத்துறை வீடு பங்களா ஆகிவிட்டது, சும்மா இருந்த தம்பிக்காரன் நாலு பேரைத் தூக்கி அடிக்கிறான். தியேட்டர் முழுக்க முனகல், எங்கிருந்தோ ஒரு ஆள், இது நம்ம வீடே இல்ல, வேற வீட்டுக்கு வந்துட்டோம் என்றான், சிரிப்பு அடங்கவில்லை. கடைசியில் மழை வந்தது. அந்த அம்மாவாக அதே பழைய நடிகை, தலை நன்றாக நரைத்திருக்கிறது. பங்களாவின் பின்பக்கம் ஒரு கதவு, பார்த்தால் நீலச் சாயம் உரிந்த அதே கதவு, அதே கொண்டி. மேற்பார்வைக்காரர், அதே கதவு, அதே கதவு என்று எழுந்து நின்றுவிட்டார். நடிகனுக்குக் கைதட்டுவார்கள், ஒரு கதவுக்கு ஊரே கைதட்டி நான் இப்போதுதான் பார்த்தேன். அப்புறம் தட்டுகிற சத்தம். இஸ்திரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, விசில் கேட்டது, சரவெடி தன் நாத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

பெரியவன்தான் வந்திருந்தான், கண்ணு. உங்கப்பா ஜெயித்துவிட்டார்.

வெளியே வந்தும் சண்டை ஓயவில்லை. வந்தவன் அம்மா காலில் விழுந்திருக்கக் கூடாது, அப்பனைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். மீசை ஒட்டலதான், ஆனா அழுதான் பாரு, அது நம்ம பெரியவன் அழுகை என்று சரவெடி கட்சி மாறிவிட்டாள். இப்போது போர்வை எல்லாம் நேராக மடிகிறது.

நான் வீட்டுக்கு வந்து உங்கப்பா படத்துக்கு முன்னால் நின்று, சரி, தோத்துட்டேன், போதுமா என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் முடித்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். துருப் பிடித்து ஏறவே மாட்டேன் என்றது, தேங்காயெண்ணெய் விட்டேன். மறுநாள் காலையில் தையல்காரம்மா தள்ளிப் பார்த்தாள், கதவு திறக்காமல் போகவே தட்டினாள். நெஞ்சு ஒரு நிமிஷம் திக் என்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பெரியவன் வந்தாச்சு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். யாரு வந்திருக்கா, உள்ள யாரு இருக்கா என்று அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துக் கதை முழுவதும் சொன்னேன்.

உங்கள் ஊரிலும் அந்தப் படம் ஓடுகிறதாம், மாப்பிள்ளையிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு நீ ஒரு தடவை போய்ப் பார். முதல் பாதியில் தூங்கினாலும் பரவாயில்லை, கதவு வரும்போது விழித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையும் நீயும் குறைவில்லாமல் வாழ வேண்டும், குழந்தை ஆயுசோடு வளர வேண்டும். லீவு கிடைத்து வரும்போது தெருமுனையிலிருந்து போன் பண்ணாதே, நேராக வந்து கதவைத் தட்டு. நான் உங்கப்பா சொல்கிற மாதிரியே சொல்வேன், நீ பையை வீசி எறியலாம்.

இப்படிக்கு,
தாழ் போட்டுக்கொண்டு படுக்கும் உன் அம்மா