இன்னும் அரைக்கட்டை கீழே

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? வேல்ஸ் ஸ்டுடியோவில் நாங்கள் நலம்.

எங்கள் ப்ளூஸ் இசை ஒவ்வொரு ஆல்பத்திலும் மேலும் இருண்டு கனப்பதாகப் பத்திரிகைகள் புகழ்கின்றன. தம்பி டெரக்கின் குரல் மேலே ஏறாததால்தான் கிட்டார் கம்பிகளைத் தளர்த்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நேற்றும், "சுருதிய இன்னும் அரைக்கட்டை இறக்குக்கா" என்றான்.

"இதுக்கும் கீழ இறக்கினா கம்பியில துணிதான்டா காயப்போடணும்" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கைக்குட்டை சிவந்தது.

"தக்காளி சாஸ்க்கா, பதறாத."

காலையிலிருந்து அவன் தேநீர் தவிர எதையும் தொடவில்லை. ஆனாலும் இறக்கினேன். அவன் இதுவரை பாடியதிலேயே இதுதான் சிறந்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பளிக் காலுறை அனுப்பு. தபால் வண்டி வந்துவிட்டது. டாக்டரிடம் போகச் சொல்லி நீயே அவனைப் போனில் திட்டு. என்னிடம் அவன் இன்னும் இறக்கு என்பான், நானும் இறக்கிவிடுவேன்.

நோரீன்