நான் தடுத்த ஊசி

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
1903 பிப்ரவரி 19, வியாழன்

ஹூப்ளி ரயில்வே பட்டறையில் ரைட்டராயிருக்கும் என் மகன் சவரிராயனுக்கு,

உன் தாய் உன்னை ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. இன்று முதல் பாதியை எழுத உண்மை இடங்கொடுக்கவில்லை, இரண்டாம் பாதியை எழுதப் பயமாயிருக்கிறது. ஆகையால் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு நீ வந்திருந்தபோது, பிளேக் ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று உன் அப்பாவின் ஜெபமாலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். அந்தச் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போய் ஊசி போட்டுக்கொள். நேற்றே தந்தியும் கொடுத்தேன், ஆனால் தந்தித் தாளில் என் கையெழுத்து இருக்காது. அம்மா இப்படிச் சொல்லமாட்டாள், உன் மைத்துனன்தான் பயந்துபோய் என் பெயரில் அடித்திருக்கிறான் என்று நினைத்து நீ அசையாமல் இருந்துவிடுவாய். உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துச் சந்தேகப்படாதே, காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகிறது.

சனிக்கிழமை வந்த உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உங்கள் லைன் வீடுகளில் எலி செத்து விழுகிறதென்றும், மூன்றாம் வீட்டுக்காரரை ஞாயிறன்று எடுத்துப் போனார்களென்றும், வரிசையில் மற்ற எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டாயிற்று, உங்கள் வார்த்தைக்காக நான் ஒருவன் மட்டும் நிற்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதில் என்னைக் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் தடுத்தேன் என்று நீ கேட்டதே இல்லை. வடக்கே ஒரு ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பத்தொன்பது பேர் வாய் பூட்டிக்கொண்டு இறந்த செய்தியைப் பத்திரிகையில் காட்டினேன், அது போதுமென்று நீ நினைத்தாய். அது பாதிக் காரணம். உனக்கு முன் பிறந்த அருளாயி ஜன்னியில் போனாள் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மை குத்துகிறவர் வேறொரு குழந்தையின் கைப்புண்ணிலிருந்து ஊனீரை எடுத்து இவள் கையில் கீறி வைத்தார். பதினோராம் நாள் தோள்வரை கறுத்து வீங்கி, அதோடு போனாள். அவரை யாரும் எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை உள்ளே ஒளித்தபோது, பெங்களூர்க் கன்னியர் மடத்தில் படித்தவள் என்ற மிடுக்கில் நானே முதல் ஆளாகக் குழந்தையைத் தூக்கிப்போய்க் காட்டினேன். இதை உன் அப்பாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

இனி இங்கு நடந்ததைக் கேள். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ஷபீ அஹமது சாயபுவின் தோல்ஷாப்பில் சர்க்காரார் ஊசி போட வந்தார்கள். வாணியம்பாடிப் பக்கத்தில் சாவு ஜாஸ்தியாகி, இங்கும் தோல் பதனிடும் பட்டை வைக்கும் கிடங்கில் எலிகள் செத்துக் கிடந்ததால் சாயபுவே எழுதி வரவழைத்தார். வெளி முற்றத்தில் ஆண்களுக்கு. அங்கே ஒரே கூச்சல். தோல் அலசும் முனிரத்தினம், "தோலுக்கு நம்பர் குத்தற மாதிரி நமக்கும் குத்தறானுங்கப்பா, அப்பால சுண்ணாம்புக் குழியில எறக்குவானுங்களா?" என்று எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் பின்வரிசைக்கு நழுவினான். அவன் பெண்டாட்டி விடவில்லை. "உன் தோலு எந்தக் கப்பல்லயும் ஏறாது, போய்க் கையக் காட்டு" என்று பிடித்துத் தள்ளினாள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு இந்த நோய் வராது என்று மேஸ்திரிகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டைக் கிடங்கு எலிக்கே வந்ததே என்று நான் கேட்டேன்.

உள்ளே, அன்னிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் சமையற்கட்டு அளவுதான். அதனால் இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னை அழைத்தார்கள். கேள்விகளை நான் அவளுக்குச் சொல்லி, அவள் பதிலை இவர்களுக்குச் சொன்னேன். இதைப் போட்டால் இதிலிருந்தே பிளேக் வருமா என்றார்கள். நோய்க் கிருமியைச் சூடு காட்டிக் கொன்றபின்தான் புட்டியில் அடைக்கிறார்கள், செத்தது திரும்ப எழாது என்றாள். பன்றி சேருகிறதா என்றார்கள். பன்றியும் இல்லை மாடும் இல்லை, ஆட்டிறைச்சிச் சாறு என்றாள். ஒரு கிழவி உடனே, "எந்தக் கையி அறுத்த ஆடு, அதக் கேளுங்கம்மா" என்றாள். அதை மட்டும் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள் லேடி டாக்டர். பிள்ளைப்பேறு நின்றுபோகுமா என்று ஒருத்தி என் காதில் கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லையாம். போட்டுக்கொண்டவருக்கு நோய் வரவே வராதா என்று நானே கேட்டேன். வரலாம், ஆனால் கம்மி, வந்தாலும் பிழைப்பவர் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பதினொரு பெண்கள் சம்மதித்து ரவிக்கைக் கையை மடித்துவிட்டார்கள்.

அப்போது நம் எதிர்வீட்டு நசீமுன்னிசா என்னைப் பார்த்து, "அம்மா, இத்தினி சொல்றீங்களே, உங்க பையன் அந்தப் பிளேக் ஊர்லயே இருக்காரே, அவருக்குப் போட்டாச்சா?" என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்கிறவள் அல்ல என்று நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் பெயர் வாங்கியிருக்கிறேன். "இல்லை, நான்தான் வேண்டாமென்று சொன்னேன்" என்றேன். பதினொரு பேரும் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நசீமுன்னிசாவின் மகள் குர்ஷித், என்னிடம் லேஸ் பின்னக் கற்றவள், அவள் கைக்குழந்தையாயிருந்தபோது நீயும் தூக்கி வைத்திருக்கிறாய், அவள் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை குர்ஷித்துக்குக் காய்ச்சல் கண்டது. மாலைக்குள் தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது. பாலாற்றுக்கு அந்தப்புறம் பிளேக் கண்டவர்களுக்காகப் போட்டிருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள், இன்றோடு ஏழு நாள். நேற்றுவரை உயிர் இருக்கிறது, தண்ணீர் கேட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். இருபத்தெட்டாம் தேதி போட்டிருந்தால் காய்ச்சல் வருமுன் பதினாறு நாள் கிடைத்திருக்கும். ஊசி உடம்பில் பிடித்து நோய்க்குக் காவலாக நிற்கப் பத்து நாள் போதுமாம். நசீமுன்னிசா என்னைப் பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அந்த வெள்ளிக்கு மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன், என் மகனும் அதே வாசலில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

ஆனாலும் கண்ணால் காணாமல் உனக்குச் சொல்ல மனம் வரவில்லை. திங்களன்று லேடி டாக்டர் மறுபடி வந்தபோது நானே போய் உட்கார்ந்தேன். புட்டியைக் கையில் வாங்கி அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா பார்த்தேன், திறந்ததும் முகர்ந்தேன். வடக்கே அந்தப் புட்டி நாறியதாகப் படித்திருந்தேனே. கார்பாலிக் வாசனைதான். ஊசியை என் எதிரில் இன்னொரு தடவை நெருப்பில் காட்டச் சொன்னேன். என் புட்டியை இதுவரை யாரும் தணிக்கை செய்ததில்லை என்று சிரித்தாள். அருளாயியின் கையைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தி, அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு ஏற்றியது, அந்தக் குழந்தையின் நோயும் சேர்ந்து ஏறியிருக்கும், இது யாருடைய உடம்பிலிருந்தும் எடுத்ததில்லை, வடக்கே நடந்தது ஒரே ஒரு புட்டி கெட்டதால், அதற்காகத்தான் இவ்வளவு முத்திரையும் நெருப்பும் என்றாள். முழுதும் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். கையை நீட்டினேன்.

என்ன நடக்கும் என்று தெரிந்துகொள், பயப்படாதிருக்கவே எழுதுகிறேன். குத்தும்போது எறும்பு கடித்ததைவிடச் சற்று ஜாஸ்தி. நான்கு மணி நேரம் கழித்துக் குளிர், பிறகு நல்ல காய்ச்சல், தலைவலி. கை வீங்கி, நனைந்த தோல் சுமக்கிற மாதிரி கனத்தது. வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், பூட்டிக்கொள்கிறதா என்று. இரண்டாம் நாள் மாலை வியர்த்து விட்டுப்போயிற்று. இன்று கஞ்சி குடித்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, உனக்கு முப்பது, நீ என்னைவிட எளிதாய்த் தாங்குவாய். என் வீக்கத்தைப் பார்க்க அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் வந்தார்கள். சேலையை விலக்கிக் காட்டினேன், இந்த வயதில் அதுவும் செய்தேன். நாலு பேர் நேற்றுப் போட்டுக்கொண்டார்கள்.

உன் மனைவி திருப்பத்தூரில் தாய்வீட்டில் இருக்கிறாள், எட்டாம் மாதம், கால் வீக்கம் குறைந்திருக்கிறதாம். அவளுக்கு உங்கள் லைனில் எலி விழுவது தெரியாது, நீயும் எழுதாதே. அவளைப் பார்க்க வருகிறேன் என்று இப்போது புறப்பட்டு விடாதே. பிளேக் ஊரிலிருந்து வருகிறவர்களை ஜோலார்பேட்டையில் இறக்கி அக்குள் தடவிப் பார்த்துப் பத்து நாள் தினமும் ஆஜராகச் சொல்கிறார்கள், வரும் வழியிலேயே எதையாவது வாங்கிக்கொண்டு வந்தாலும் வருவாய். ஊசி போடுமுன் புட்டியைப் பார், கேட்க வெட்கப்படாதே. போட்டபின் இரண்டு நாள் லீவு கேள், கொடுக்காவிட்டாலும் படுத்துக்கொள். செத்த எலியைக் கையால் தொடாதே, இடுக்கியால் எடுத்து எரித்துவிடு. தரையில் படுக்காதே. ஆறு மாதம் கழித்து மறுபடி போடவேண்டுமாம், அதையும் தள்ளிப்போடாதே. உன் உடம்பில் இப்போதே காய்ச்சலோ நெறியோ இருந்தால்... அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு, கொட்டகைக்குப் பயந்து ஒளியாதே.

நல்லாயிருக்கிறேன் என்று எனக்குப் பதில் எழுதாதே, நீ சின்ன வயதிலிருந்தே என் மனம் நோகாமல் எழுதப் பழகியவன். ஊசி போட்டதும் தேதி போட்டு ஒரு சீட்டு தருவார்கள், அதை மட்டும் உறையில் வைத்து அனுப்பு. தபால்காரன் வருகிற பத்து மணிக்கு நான் வாசலில் நிற்பதைத் தெருவே பார்க்கிறது. பார்க்கட்டும். சொன்ன வார்த்தையை மாற்றாதவள் என்று பெருமையாக இருந்துவிட்டேன். என் பெருமைக்கு எதிர்வீட்டுப் பெண் படுத்திருக்கிறாள், நீயும் வேண்டாம்.

அடைக்கல மாதா உன்னைத் தன் போர்வையில் மூடிக் காப்பாளாக. சத்தியத்தை நீ மீறவில்லை, நானே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதன் பாவம் ஏதாவது இருந்தால் என்னைச் சேரட்டும்.

உன் தாய்,
இன்னாசியம்மாள்